இருபது நிமிடச் சண்டை

எந்திரங்கள் மனிதர்களோடு பேசக் கற்றுக்கொண்ட பிறகு, வாடிக்கையாளர் சேவையில் மனிதர்களுக்கென்று ஒரே ஒரு வேலைதான் மிஞ்சியது. திட்டு வாங்குவது.

பில் தப்பாக வந்திருக்கிறதா, பார்சல் வந்து சேரவில்லையா, இன்சூரன்ஸ் காலாவதியாகிவிட்டதா, எதைக் கேட்டாலும் எந்திரமே பதில் சொல்லிவிடும். களைப்பில்லாமல், குரலை உயர்த்தாமல் பேசும். பெரும்பாலானவர்களுக்கு அது போதும். சிலருக்கு மட்டும் அந்த இனிமையைக் கேட்கக் கேட்க ரத்தம் கொதிக்கும். "யாராவது ஒரு மனுஷனக் கூப்பிடறியா இல்லையா?" என்று கத்துவார்கள். கத்தல் ஓர் அளவைத் தாண்டியதும் அழைப்பு தானாகத் திசை மாறி, கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காவது மாடிக்கு வந்து சேரும்.

அங்கே கோகிலவாணி உட்கார்ந்திருப்பாள்.

"வணக்கம்ங்க. உங்க கோபம் எனக்கு நல்லாப் புரியுதுங்க. சொல்லுங்க" என்று ஆரம்பிப்பாள்.

நாள் முழுக்க இதுதான். 'நல்லாயிருக்கீங்களா' என்று கேட்கிற மாதிரி ஆட்கள் யாரும் அவளிடம் வருவதில்லை. அவர்களையெல்லாம் எந்திரமே வைத்துக்கொண்டது. அவளுக்கு வருகிற ஒவ்வொரு குரலும் வரும்போதே கொதித்துக்கொண்டு வரும். அதை ஆற்றி அனுப்ப வேண்டும். அந்த மாடியில் அவளைப் போல ஆற்றுபவர்கள் யாருமில்லை. அவள் தலைமுறையையே சபித்துக்கொண்டு வருகிறவர்கள்கூட, வைக்கும்போது "நீ நல்லாயிருக்கணும்மா" என்று சொல்லிவிட்டு வைப்பார்கள்.

இப்படிப்பட்ட வேலைகளில் இருந்தவர்கள் பலர் நாற்காலியிலேயே மயங்கி விழ ஆரம்பித்த பிறகு அரசாங்கம் எல்லா வேலைகளுக்கும் சேர்த்து ஒரு விதி கொண்டுவந்தது. வேலை முடிந்தவர் உண்மையிலேயே இளைப்பாறினாரா என்பதை முதலாளி உறுதி செய்ய வேண்டும். கம்பெனிகள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தன. கையில் ஒரு பட்டை. நாடித் துடிப்பையும் வேர்வையையும் மூச்சையும் அளக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் இருபது நிமிடம் ஒரு வீடியோ கேம் விளையாட வேண்டும், மனதை லேசாக்கும் வகை. விளையாடி முடித்ததும் பட்டை பச்சையானால் மறுநாள் முழு வேலை உண்டு. சிவப்பாகவே இருந்தால் மறுநாள் பாதி நேரம் அழைப்பு எடுக்கக் கூடாது, சும்மா உட்கார வேண்டும். தொடர்ந்து சிவப்பென்றால் ஆளை அந்த நாற்காலியிலிருந்தே எடுத்துவிடுவார்கள்.

ஓய்வெடுக்கத் தெரியாதவருக்கு வேலை கிடையாது. எல்லோரும் முதலில் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். இப்போது கோகிலவாணியால் சிரிக்க முடியவில்லை. இந்த மாதம் முழுக்க அவளுடைய பட்டை சிவப்பு.

யாருக்கு எந்த விளையாட்டு என்று தேர்ந்தெடுத்துக் கொடுப்பவர் இம்தியாஸ். முப்பத்தைந்து வயதிருக்கும். முன்பு ஒரு பெரிய நிறுவனத்தில், ஆட்களை ராத்திரி பூராவும் தூங்கவிடாத துப்பாக்கி விளையாட்டுகளைச் செய்துகொண்டிருந்தவர். இப்போது அதே ஆட்களைத் தூங்கவைக்கும் விளையாட்டுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவருடைய அறையில் ஒரு பெரிய திரையும் இரண்டு மெத்து நாற்காலிகளும் இருந்தன.

"படகு என்னாச்சுக்கா?" என்று கேட்டார்.

"நல்ல விளையாட்டுத்தானுங்க சார். ஆறு, நிலா, அல்லிப் பூவெல்லாம் அழகா இருந்துச்சுங்க. ஆனா நம்ம துடுப்பு பட்டுப் பூவு நசுங்கிருமோன்னு ஒரே பயம். நசுங்கிப்போச்சுங்க. அதுகிட்ட மன்னிப்புக் கேட்டேன்."

"பூகிட்டயா?"

"ஆமாங்க."

இம்தியாஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஆட்டுக்குட்டி மேய்க்கிறது?"

"அதுக கத்தறதக் கேட்டா என்னவோ கம்ப்ளைண்ட் சொல்றாப்புலயே இருக்குதுங்க."

"லைப்ரரியில புக் அடுக்குறது? அதுல ஆளே கிடையாதே."

"ஒரு புக்கு எடம் மாறி இருந்துச்சுங்க. யாராவது வந்து கேட்டா என்ன சொல்றதுன்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குச்சு."

டீக்கடை விளையாட்டையும் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. அதில் வாடிக்கையாளர்கள் வந்தார்கள், அவள் ஒவ்வொருவரிடமும் வருத்தம் தெரிவித்தாள். நீலகிரி ரயில் ஓட்டும் விளையாட்டில், வண்டி மெதுவாகப் போவதற்காகக் கண்ணுக்குத் தெரியாத பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே குன்னூர் வரை போனாள்.

வீட்டிலும் அப்படித்தான். அவள் கணவர் மோகனசுந்தரம் கணபதி பகுதியில் கிரைண்டர் ரிப்பேர் பட்டறை வைத்திருந்தார். போன வாரம் அவர்தான் காபி டம்ளரைத் தட்டிவிட்டார். அவள் "மன்னிச்சுக்கோங்க" என்றாள். அவர் ஈரத் தரையைத் துடைத்தபடியே சொன்னார்: "கோகிலா, நீ என்றகூடச் சண்ட போட்டு எத்தன காலமாச்சு தெரியுமா? கட்டிட்டு வந்த புதுசுல எப்படிப் போடுவ! கரண்டி பறக்கும். இப்ப என்னமோ ஆபீசுக்குப் போன் பண்ணுனாப்பல இருக்குது."

அதற்கும் அவள் "வருத்தமா இருக்குதுங்க" என்றுதான் சொன்னாள்.

"அக்கா, இன்னைக்குக் கடைசியா ஒண்ணு" என்றார் இம்தியாஸ். "ஊர் சுத்துறது. ஒரு புது ஊரு, சும்மா நடந்து போகலாம். எதுவும் செய்ய வேண்டாம். இங்கயே விளையாடுங்க, நான் பக்கத்துல இருந்து பட்டையப் பாக்கறேன்."

கோகிலவாணி மைக்கை மாட்டிக்கொண்டாள். திரையில் ஒரு தெரு விரிந்தது. மரங்கள், புறாக்கள், வெயில். வழக்கம்போலப் பட்டை சிவந்துகொண்டே போனது. தெருமுனையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுநர் பக்கத்துத் தெருவுக்குப் போக ஆகாயத்துக்கு ஒரு வாடகை சொன்னார். யாரும் கவனிக்காமல் விட்டுவைத்த ஏதோ பழைய பிழை அது.

"என்ன லொள்ளா?" என்றாள் கோகிலவாணி, வாய்க்குள்ளேயே.

இம்தியாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். பட்டையின் சிவப்பு ஒரு கணம் மங்கி, ஓரத்தில் பச்சை தெரிந்தது.

"அக்கா, இன்னொரு தடவ சொல்லுங்க."

"ஐயோ, மன்னிச்சுக்கோங்க சார், ஏதோ வாய் தவறி..."

"இல்லக்கா. சத்தமாச் சொல்லுங்க. அந்த ஆளத் திட்டுங்க."

அவள் தயங்கித் தயங்கி, தொண்டையைச் செருமி, "என்னப்பா, அந்தத் தெருவுக்குப் போறதுக்கு இத்தன கேக்கற? பெட்ரோலு போட்டு ஓட்டறயா, தங்கத்த உருக்கி ஊத்தி ஓட்டறயா?" என்றாள். பச்சை பாதிப் பட்டைக்கு ஏறியது. ஆனால் திரையிலிருந்த ஓட்டுநர் உடனே கைகளைக் கூப்பி, "மன்னிக்கவும். நீங்கள் விரும்பியதைக் கொடுங்கள்" என்றார்.

பட்டை பழையபடி சிவந்தது.

இம்தியாஸ் திரையை அணைத்தார். "உங்களுக்குப் பூவும் நிலாவும் வேலைக்கு ஆகாதுக்கா" என்றார். "நாள் பூராவும் கோபத்தை வாங்கி உள்ள போட்டுக்கறீங்க. ஒண்ணு கூட வெளிய போறதில்ல. உங்களுக்கு வேண்டியது சண்டை."

"எனக்கா? சண்டையா?" என்று அவள் திகைத்தாள்.

"நல்ல சண்டை. ஆனா ஒரு கஷ்டம் இருக்கு. எங்க ப்ரோக்ராமுக எல்லாமே வளைஞ்சு கொடுக்கத்தான் படிச்சிருக்கு. அதட்டுனா காலுல விழுந்துரும். ரெண்டு நாள் டைம் கொடுங்க."

இரண்டு நாள் கழித்துப் புதிய விளையாட்டு அவள் வீட்டு டிவிக்கு வந்தது. பெயர் 'மீன் சந்தை'. விதி மிகச் சின்னது: இருபது நிமிடத்துக்குள் பேரம் பேசி ஒரு மீன் வாங்க வேண்டும். சாயங்காலம் வேலை விட்டு வந்து, முகம் கழுவி, சோபாவில் உட்கார்ந்து மைக்கைப் போட்டாள். கடற்கரையோரம் பெரிய பெரிய குடைகள். ஒரு குடைக்கடியில் அரிவாள்மணைக்கு முன்னால் கட்டுமஸ்தான ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கோகிலவாணி மரியாதையாகப் போய் நின்றாள்.

"இன்னாமே, மீன் வாங்க வந்தியா, மீனுக்கு ஜாதகம் பாக்க வந்தியா?" என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள். குரல் அலையைத் தாண்டிப் போகும்போல இருந்தது. "வந்ததுலேந்து மொறைச்சினு நிக்கிற?"

"இல்லீங்க... இது என்ன விலைங்க?"

அவள் விலையைச் சொன்னாள்.

"கொஞ்சம் கொறைச்சுக்க முடியுங்களா? தப்பா நினைக்காதீங்க, மன்னிக்கணும்..."

"மன்னிக்கிறதா? நான் இன்னா கோர்ட்டா? வாங்குனா வாங்கு, இல்லாங்காட்டி காத்து வுடு."

கோகிலவாணி பயந்துபோய் ஒரு மீனை எடுத்தாள். திரையில் அவளுடைய கை அதன் வாலைப் பிடித்துத் தூக்கியது.

"வாலப் புடிச்சா தூக்குவாங்க? அது இன்னா எலியா? செவுளத் தொறந்து பாருமே! மீன் துன்னுருக்கியா நீ?"

"இல்லீங்க. நாங்க சைவம்."

மீன்காரி குடையே ஆடும்படி சிரித்தாள். "சைவமா! அடி சாவுகிராக்கி! அப்ப இன்னாத்துக்கு வந்த? செத்துப்போன மீனுக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போவவா?"

கோகிலவாணிக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. எத்தனையோ காலமாக மூடிக் கிடந்த ஒரு குழாய் திறந்துகொண்ட மாதிரி வந்தது.

"ஏன், சைவமா இருந்தா வெல கேக்கக் கூடாதா? என்ற காசு, நான் கேப்பேன். வாங்கி மூஞ்சிக்கு முன்னால வெச்சுக்கூடப் பாப்பேன், உனக்கென்ன? ஏவாரத்துக்கு உக்காந்துட்டு வந்தவளப் பாத்து இத்தன எகத்தாளம் பேசற! மொதல்ல அந்த மொகரைய மாத்து. மீனு அதப் பாத்துத்தான் செத்துப்போயிருக்குது!"

சமையலறையிலிருந்து மோகனசுந்தரம் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

மீன்காரி அரிவாள்மணையை ஒதுக்கிவைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "அப்டிப் போடு" என்றாள், ரொம்ப சந்தோஷமாக. "இப்பத்தான் ஆளு முழிச்சிக்கினா. வா, எந்தூரு நீ?"

இருபது நிமிடம் முடிந்தபோது மீன் வாங்கவில்லை. பட்டை மட்டும் பாசிப் பயறு மாதிரிப் பச்சையாக இருந்தது. கோகிலவாணி சோபாவில் சாய்ந்தாள், அப்படியே தூங்கிப்போனாள்.

அதற்குப் பிறகு சாயங்காலம் எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தாள். சண்டை மீனோடு நிற்கவில்லை. எந்த ஊர் சாம்பாரில் பருப்பு அதிகம், மாமியார்கள் எங்கே மோசம், மழை பெய்தால் அது நல்லதா கெட்டதா, எல்லாவற்றுக்கும் சண்டை போட்டார்கள்.

"உங்கூர்ல கடல் கீதா?" என்பாள் மீன்காரி.

"எங்கூருல சிறுவாணி இருக்குது. உன்ற கடலு மொத்தத்தையும் வடிகட்டுனாலும் அதுல ஒரு டம்ளரு தேறுமா?"

"தண்ணிக்கே இம்மாம் உதாரா! உங்கூரு ஆளுங்க சண்டைல கூட 'ங்க' போடுவீங்களாமே? 'ஏனுங்க, உங்கள செருப்பால அடிக்கட்டுங்களா'ன்னு கேட்டுக்கினுதான் அடிப்பீங்களாமே?"

கோகிலவாணி பதில் சொல்ல முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தோற்றுப்போன சாயங்காலங்களில் பட்டை இன்னும் சீக்கிரம் பச்சையானது.

வீட்டில் ஒருநாள் மோகனசுந்தரம் ஈரத் துண்டை மெத்தைமேல் போட்டார். அவள் அவரை வாசல் வரை துரத்திக்கொண்டு போய்த் திட்டினாள். அவர் பதிலுக்குக் குரலை உயர்த்தினார். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். அன்று அவர் பட்டறைக்குப் போகும்போது விசிலடித்துக்கொண்டு போனார்.

ஆபீசிலும் நிலைமை மாறியது. "கத்துங்க ஐயா, நல்லா வாய் விட்டுக் கத்துங்க, நான் எங்கயும் போயிர மாட்டேன்" என்று ஒரு பெரியவரிடம் அவள் சொன்னதை மேற்பார்வையாளர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெரியவர் கத்தி முடித்து, அழுது, தன் மனைவி இறந்துபோனதையும், அவள் பெயரில் இருந்த இணைப்பை எப்படி மாற்றுவதென்று தெரியாமல்தான் கத்தியதையும் சொன்னார். கோகிலவாணியின் நாற்காலியைப் பற்றிய பேச்சே அதன்பின் எழவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சாயங்காலம் குடைக்கடியில் வேறு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"வாருங்கள் அம்மா" என்றாள் அவள். "உங்கள் விருப்பமே எங்கள் விருப்பம்."

"அவ எங்க?"

"நான்தான் மீன் விற்பவர் அம்மா. நீங்கள் என்ன விலை நினைக்கிறீர்கள்?"

கோகிலவாணி வேண்டுமென்றே அநியாயத்துக்குக் குறைத்துக் கேட்டாள். புதியவள் புன்னகையோடு கூடை மீன் முழுவதையும் அவள் காலடியில் வைத்தாள். இத்தனை நாளில் முதல் முறையாக ஜெயித்தாகிவிட்டது. பட்டை சிவந்தது.

மறுநாள் காலை நேராக இம்தியாஸின் அறைக்குப் போனாள். "மீன்காரிய எதுக்கு மாத்துனீங்க?"

இம்தியாஸ் முகத்தில் பொய் நிற்காது. எதையோ தேடுகிற மாதிரி மேசையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "மாத்தலக்கா. அவங்க ரெண்டு மூணு நாள் வர மாட்டாங்க. செக்கப்புக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க."

"ப்ரோக்ராமுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?"

"அது ப்ரோக்ராம் இல்லக்கா. ஆளு."

"ஆளா?" என்றாள் கோகிலவாணி.

"சென்னையில என் ஃப்ரெண்டு ஒருத்தி இதே வேலை பாக்குறா" என்று இம்தியாஸ் வேகமாகச் சொன்னார். "அவகிட்டயும் உங்களாட்டம் ஒருத்தங்க. அருவி, தோட்டம், மீன் தொட்டின்னு எதக் கொடுத்தாலும் சிவப்பு. ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தப்ப ஒரு ரோசனை வந்துச்சு. எந்த ப்ரோக்ராமுக்கும் சண்டை போடத் தெரியாது, ஆளுக்குத்தான் தெரியும். அதான் உங்க ரெண்டு பேரையும் கோத்து விட்டோம். கேக்காமச் செஞ்சது தப்புத்தான். கேட்டிருந்தா நீங்க வாயத் தொறந்திருக்க மாட்டீங்க."

"அவங்களுக்கு நான் ஆளுன்னு தெரியுமா?"

"நாங்க சொல்லல. அவங்களே மொத நாளே கண்டுபிடிச்சுட்டாங்க. 'எந்த மெஷினும் இவ்ளோ கேவலமா பேரம் பேசாது'ன்னாங்களாம்."

"அவங்க யாரு? என்ன உடம்புக்கு?"

"அதை நான் சொல்லக் கூடாதுக்கா. நீங்க மேல கம்ப்ளைண்ட் கொடுத்தீங்கன்னா என் வேலை போயிரும். கொடுங்க. அதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு."

யாரென்றே தெரியாத ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்து 'மொகரைய மாத்து' என்றிருக்கிறாள். இன்னும் என்னென்னவோ சொல்லியிருக்கிறாள். காது சுட்டது. பிறகு அந்தச் சூடு காதிலிருந்து நாக்குக்கு இறங்கியது.

"கம்ப்ளைண்டா? கம்ப்ளைண்ட் எதுக்குக் கொடுக்கறேன்? நாள் பூராவும் கம்ப்ளைண்டுதானே கேக்கறேன்! ஏய்யா, ஒரு பொம்பளைய உக்காத்தி வெச்சு, இன்னொரு பொம்பளைய உசுப்பி விட்டு, நடுவுல நீ கிராஃப் போட்டுட்டு இருந்தியா? ஒரு வார்த்த சொன்னா உன்ற சொத்துல கொறஞ்சா போயிருக்கும்? மூஞ்சியப் பாரு, ஒண்ணுந் தெரியாத பாப்பாவாட்டம்!"

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மாடி முழுக்க எழுந்து நின்று பார்த்தது. இம்தியாஸ் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஓரக்கண்ணால் அவள் மணிக்கட்டைப் பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

மீன்காரி திரும்பி வந்த சாயங்காலம் கோகிலவாணி எச்சரிக்கையாக மைக்கைப் போட்டாள்.

"இன்னாமே, நான் இல்லாம ஊரே காலியாப் பூட்ச்சா?"

"வாங்க. உடம்பு இப்பப் பரவால்லீங்களா?"

"இன்னாது?"

"இல்லீங்க, சும்மா கேட்டேன். இன்னைக்கு நீங்க சொல்ற வெலைக்கே வாங்கிக்கறேனுங்க."

பட்டை சிவந்துகொண்டே போனது. மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் மீன்காரி கத்தியைத் தூக்கி எறிந்தாள். "உனுக்கு இன்னாமே ஆச்சி? பொணத்துக்கு முன்னாடி பேசுறாப்ல பேசுற!"

"நீங்க ஆளுன்னு தெரிஞ்சுபோச்சுங்க" என்றாள் கோகிலவாணி. குரல் உள்ளே போய்விட்டது. "அதான் வாய் வர மாட்டேங்குது. ஒடம்பு சரியில்லாதவங்கள நான் என்னென்னமோ..."

மீன்காரி குடைக்கடியிலிருந்து எழுந்து முன்னால் வந்தாள்.

"ஆளுன்னு தெரிஞ்சா சண்ட போடக் கூடாதா?" என்றாள் மீன்காரி. இவ்வளவு தணிந்து அவள் பேசிக் கேட்டதில்லை. "ஆளு கூடத்தானே சண்ட போடணும்? உனுக்கு நாளெல்லாம் அல்லாரும் கத்துறாங்க. எனுக்கு ஒருத்தரும் கத்துறதில்ல. என் வூட்டுக்காரரு, என் பசங்க, தெருவுல கீறவங்க, அல்லாரும் பூ மாதிரி பேசுறாங்க. என் மருமவ தட்டை வெக்கிறப்ப சத்தம் வராம வெக்கிறா. ஒரு மனுசியா மதிச்சி என்கூட மல்லுக்கு நின்னவ நீ ஒருத்திதான். நீயும் ஜகா வாங்கிட்டா நான் யார்கிட்ட போறது?"

கோகிலவாணி விசும்பினாள்.

"அழுவாத. அழுதா மீனு வெல கொறையாது. உனுக்கு தில் இருந்தா நேர்ல வாமே. சென்ட்ரல்ல வந்து நிக்கிறேன். மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கலாம்."

"வரேன்" என்றாள் கோகிலவாணி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எனக்கென்ன பயமா? வந்து உன்ன என்ன பண்றேன்னு பாரு" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகத்தான் ரயில் ஏறினாள். கூட வருகிறேன் என்று மோகனசுந்தரம் ஆசைப்பட்டார், "பொம்பளைக சண்டைல உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டுவிட்டாள். வண்டி அரக்கோணத்தில் நின்று நின்று, ரொம்பத் தாமதமாகச் சென்ட்ரலுக்குள் நுழைந்தது.

நடைமேடை முடிகிற இடத்தில், சொன்ன மாதிரியே ஊதா நிறப் புடவையில் ஒரு பெண் நின்றிருந்தாள். திரையில் பார்த்ததைப்போலக் கட்டுமஸ்தாக இல்லை. உயரமாக, மெலிந்து, நேராக நின்றிருந்தாள். கழுத்தைச் சுற்றி மெல்லிய துணி. துணிக்குக் கீழே சின்னப் பெட்டி ஒன்று பதக்கம் மாதிரித் தொங்கியது.

கோகிலவாணி அருகில் போனாள். அந்தப் பெண்ணின் கண்கள் அவளை மேலும் கீழும் அளந்தன, புருவம் நெறிந்தது, உதடுகள் படபடவென்று அசைந்தன. வாயிலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. பெட்டிதான் பேசியது, வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரி, பழச்சாறு போன்ற குரலில்:

"வணக்கம். தாங்கள் தாமதமாக வந்தது எனக்குச் சற்று வருத்தமளிக்கிறது."

கோகிலவாணி பெட்டியைப் பார்த்தாள், துணி சுற்றிய கழுத்தைப் பார்த்தாள். மெதுவாகத்தான் புரிந்தது.

அந்தப் பெண் கைப்பேசியை எடுத்து விறுவிறுவென்று எழுதி நீட்டினாள். அவள் பெயர் பிலோமினா. ராயபுரம். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கோடியில் ஓடுகிற பிள்ளை நின்றுவிடும். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது அதே பள்ளியில் புத்தக அலமாரியைப் பார்த்துக்கொள்கிறாள். தொண்டைத் தசையின் அசைவைப் படித்துப் பேசும் பெட்டியைக் கொடுத்தார்கள். ஆனால் அதைச் செய்தவர்கள் நாகரிகமானவர்கள். அதற்குக் கத்தத் தெரியாது. மெட்ராஸ் தமிழும் தெரியாது. எது சொன்னாலும் நல்ல தமிழாக மாற்றி, மரியாதை சேர்த்துத்தான் பேசும். விளையாட்டில் அந்த அசைவை மாற்றாமல் அப்படியே பேச வைத்திருந்தார்கள்; அதற்குள்ளே போனால் மட்டும்தான் அவளுக்கு அவளுடைய வாய் இருந்தது.

படித்து முடித்த கோகிலவாணியின் முகம் இளகியது. கை தானாகவே பிலோமினாவின் தோளைத் தொடப் போனது. "ஐயோ... எனக்குத் தெரியாதுங்க... மன்னிச்சு..." என்று ஆரம்பித்தாள்.

பிலோமினாவின் முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே வடிந்தது. இந்தப் பார்வையை அவள் எல்லாரிடமும் பார்த்திருந்தாள்.

கோகிலவாணி அதைக் கவனித்துவிட்டாள். குரலுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று கேட்பதுதான் அவளுடைய வேலை. நீட்டிய கையை இழுத்து இடுப்பில் வைத்தாள்.

"மன்னிச்சுருவேன்னு நெனைச்சியா? லேட்டா வந்தது நானா, ரயிலா? அத்தன தூரத்துல இருந்து உக்காந்து உக்காந்து இடுப்பொடிஞ்சு வந்திருக்கறேன், ஒரு வாய் தண்ணி வேணுமான்னு கேட்டியா? வந்ததும் வராததுமா மொறைக்கற! இந்தக் கண்ண வெச்சுட்டு எத்தன புள்ளைகள மெரட்டிருக்க நீ?"

பிலோமினாவின் கண்கள் பெரிதாயின. இடுப்பில் கை வைத்து, கழுத்தை நீட்டி, உதடுகளால் ஒரு புயலைக் கிளப்பினாள்.

"தங்கள் கருத்தை மதிக்கிறேன்" என்றது பெட்டி. "ஆயினும் அதனோடு உடன்பட இயலவில்லை."

"யாரு, நான் சாவுகிராக்கியா? இன்னொருக்கா சொல்லு பாக்கலாம்!"

பிலோமினா தாராளமாக இன்னொருமுறை சொன்னாள். "தாங்கள் ஓர் அபூர்வமான வாடிக்கையாளர்" என்றது பெட்டி.

கூட்டம் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தது. சூட்கேஸ் இழுத்துக்கொண்டு போன ஒரு பெரியவர் பொறுக்க மாட்டாமல் நின்றார். "ஏம்மா, கொஞ்சமாவது இங்கிதம் வேண்டாமா? அவங்களால பேசவே முடியல. அப்பவும் எவ்வளவு மரியாதையாப் பேசறாங்க! நீ இப்படிக் கத்தறியே?"

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"ஐயா, தங்கள் அக்கறைக்கு நன்றி. தாங்கள் தங்கள் பயணத்தைத் தொடரலாம்" என்றது பெட்டி. பிலோமினாவின் உதடுகளைப் பார்த்தவர்களுக்கு அது நன்றி இல்லை என்பது தெரிந்தது.

"அவ என்ன சொல்றான்னு நான் சொல்லட்டுங்களா?" என்றாள் கோகிலவாணி. சொன்னாள். ஒரு வார்த்தைகூட விடாமல், கொங்குத் தமிழில், ஒவ்வொரு வரிக்கும் 'ங்க' சேர்த்து, இடுப்பிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள். பெரியவர் சூட்கேஸின் சக்கரம் கழன்றுவிடும் வேகத்தில் நடந்தார்.

பிலோமினா தூணில் சாய்ந்துகொண்டாள். தோள்கள் குலுங்கின, கண்ணில் நீர் வழிந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குச் சத்தம் இல்லை. பெட்டிக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"மன்னிக்கவும், புரியவில்லை" என்றது. "தயவுசெய்து மீண்டும் சொல்லவும்."

பிலோமினா மீண்டும் சிரித்தாள்.